வெள்ளவத்தைக்குப் போகாத இறைச்சி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாப்பாவுக்கு ஓர் ஆட்டிறைச்சிக் கடை இருந்தது. இறைச்சியைக் கழுவி, அளவாக வெட்டி, அரைக் கிலோ பாக்கெட்டுகளில் உறைய வைத்துக் கொடுத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் விரும்பி வாங்குவார்கள் என்பது உம்மாவின் யோசனை. வாப்பாவுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. இரண்டு கிழமை காலி வீதி என்னும் பெருந்தெரு நெடுகக் கடை கடையாக ஏறி இறங்கி, வெள்ளவத்தைக் கடைக்காரர் ஒருவரிடம் முதல் ஓடரை வாங்கி வந்தவர் உம்மாதான்.

அந்தப் பாக்கெட்டுகள் எங்கள் முன்னறையிலிருந்த புது டீப் ஃப்ரீசரை நிறைத்தன. அறையில் ஒரே ஒரு பிளக் பொயின்ட். ஃப்ரீசர் வந்ததிலிருந்து டீவிக்கு மின்சாரமில்லை. எனக்கு ஒன்பது வயது. இந்த அநியாயத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் இறைச்சி போக வேண்டும். முந்திய நாள் காலையில் எல்லோரும் தெமட்டகொடையில் ஒரு கலியாணத்துக்குப் போக உடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஃப்ரீசரின் பிளக்கைக் கழற்றி, டீவியினதைச் செருகிக் கார்ட்டூன் பார்த்தேன். கூப்பிட்டதும் டீவியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது முன்னறைத் தரையில் தண்ணீர். சுவரில் டீவியின் பிளக். யாரும் என்னை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

வாப்பா ஒரு பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தார். “இன்னம் குளிர் ஈக்கி. விடியக்குள்ள திரும்ப உறஞ்சிடும். யாருக்கு வெளங்கப் போகுது?”

“எனக்கு வெளங்குமே,” என்றார் உம்மா. “நாம இன்டைக்கே ஆக்கித் தின்னலாம். உருகினத்த விக்க ஏலா.”

கடைக்காரருக்கு அவரே ஃபோன் எடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

“மற்ற ஆக்கள் உப்பிடிச் சொல்லமாட்டினம், தங்கச்சி. அவசரமில்லை, ஆறுதலாச் செய்து தாங்கோ. இனி ஒவ்வொரு கிழமையும் எனக்கு உங்கட சாமான்தான்.”

அன்று மஃரிப் தொழுகைக்கு முன்பே எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கறி போயிற்று. அடுத்த மாதம் பம்பலப்பிட்டிக் கடையொன்று கேட்டது. இப்போது இரத்மலானையில் எங்களுக்குக் குளிரறைகள் உண்டு, லொறிகள் உண்டு. சுத்தம் பார்ப்பதில் வாப்பா உம்மாவை மிஞ்சிவிட்டார்.

நான் பிளக்கைக் கழற்றியதால்தான் வியாபாரம் வளர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் பெருமையடித்துத் திரிந்தேன். ஆனால் அன்று கடைக்காரரின் நம்பரைச் சுழற்றுவதற்கு முன், உம்மா ரிசீவரில் கை வைத்தபடி நெடுநேரம் அசையாமல் நின்றார். நம்பர் மறந்துபோயிற்றாக்கும் என்று நினைத்து, நம்பர்க் கொப்பியைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக நான் உரக்க வாசித்துக் கொடுத்தேன்.