அசையாமல் இருந்த பிள்ளை

1. கொழும்பிலுள்ள ஆறு தனியார் ஆரம்பப் பாடசாலைகளை ஓர் அட்டவணையில் போட்டு ஒப்பிட்டேன்.
2. பரீட்சை இல்லாத, சீருடை இல்லாத, பிள்ளையை அதன் விருப்பத்துக்குக் கற்க விடும் பாடசாலை ஒன்று முதலாவதாக வந்தது.
3. மாத்தளையில் ஓர் அரசாங்கப் பாடசாலைக்கு நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை.
4. மகளை மூன்று வாரம் பழக்கினேன்.
5. கொழும்புக்குப் போனோம்.
6. இடம் கிடைக்கவில்லை. கடிதம் வந்தபோது அரசாங்கப் பாடசாலைகளின் விண்ணப்பத் திகதி முடிந்திருந்தது.

நான்காவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். பின்னால் வருபவை அதன் விளைவுகள்.

மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். மாத்தளையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. வெள்ளவத்தையில் இன்னும் இருவரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார், வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை போய்விடுவார். மகளுக்குக் கொழும்பில் பாடசாலை கிடைத்தால் மூவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். அட்டவணை போட்டதே அதற்காகத்தான்.

அந்தப் பாடசாலையின் இணையத்தளத்தில் ஒரு படம் இருந்தது. காலெல்லாம் சேறு, கையில் ஒரு தவளை, சிரிக்கிற பிள்ளை. நான் எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். எங்கள் லயத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கால்கள்தான். யாரும் படம் பிடிக்கவில்லை.

எனக்கு ஐந்து வயதில் நகரத்துப் பாடசாலையொன்றில் நேர்முகப் பரீட்சை நடந்தது. அதிபரின் மேசையில் ஒரு மணி இருந்தது, எட்டித் தொட்டுவிட்டேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது என்று அதிபர் அம்மாவிடம் சொன்னார். அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். வீட்டுக்கு வரும்வரை என்னோடு பேசவில்லை.

ஆகவே, என் மகளுக்கு இருக்கத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு பட்டியல் எழுதினேன். பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும். உட்காரச் சொன்னால் மட்டும் உட்கார வேண்டும். கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். எதையும் கேட்காமல் தொடக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் அதிபராக நடித்தார். பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து, தன் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, அவளை முறைத்தார். மகள் சிரிக்கவில்லை. இருவரும் அவளைத் தட்டிக் கொடுத்தோம்.

கொழும்பில் பெற்றோரைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருத்தினார்கள். நான் கிராம சேவகர் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்சாரப் பட்டியல், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் வரிசையாக ஒரு கோப்பில் வைத்திருந்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. உள்ளே மணல், சாயம், மரக்கட்டைகள், ஒரு முயல். எட்டுப் பிள்ளைகள். ஏழு பேர் முயலைத் துரத்தினார்கள். என் மகள் பாயின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணித்தியாலம். முயல் தானாகவே அவளுடைய முழங்காலுக்கு அருகில் வந்தபோது, தொடலாமா என்று கேட்பதற்காக ஆசிரியையைத் தேடி நிமிர்ந்து பார்த்தாள். ஆசிரியை அப்போது ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு அதிபர் எங்களோடு தரையில் அமர்ந்து பேசினார். பருத்திச் சேலை, வெறும் கால், மிக மென்மையான ஆங்கிலம். வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கும் இவள் அனுமதி கேட்பாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. பிள்ளையிடம் குறையில்லை என்றார். வீட்டுச் சூழலைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும் என்றார். பெற்றோருக்கு அவர்கள் ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம். அதில் கலந்துகொண்டு அடுத்த வருடம் மீண்டும் முயற்சி செய்யலாமாம். நன்றி சொன்னேன்.

கணவர் வேலைக்குத் திரும்பினார். நானும் மகளும் புறக்கோட்டையில் மாத்தளை பஸ் ஏறினோம். கடுகண்ணாவ ஏற்றத்தில் அவள் விழித்துக்கொண்டாள்.

“நான் அசையவே இல்ல. பாத்தீங்கதானே அம்மா?”

பார்த்தேன் என்றேன்.

“மத்தப் புள்ளைங்கல்லாம் ஓடுனாங்க. மொயலப் புடிச்சாங்க.” கொஞ்சம் யோசித்தாள். “பாவம், அவங்களுக்கு எடம் கெடைக்காது, என்ன?”

நான் ஜன்னலைச் சாத்தினேன். குளிர்கிறதா என்று கேட்டேன்.

கடிதம் வந்த அன்று கணவருக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். “ஒன்னோட அட்டவணையில அசையாம இருக்கிறதுக்கு எத்தன புள்ளி போட்டிருந்த?” என்றார். பகிடியாகத்தான் சொன்னார்.

“அதிபரா நடிச்சது நீங்கதான்” என்றேன்.

மகளிடம் பாடசாலையில் இடமில்லை என்று மட்டும் சொன்னேன். அந்த ஏழு பேரில் யாருக்குக் கிடைத்தது என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன்.

இப்போது அவள் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளியுள்ள, திகதி பார்க்காமல் சேர்த்துக்கொண்ட ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையில் முதலாம் தரம் படிக்கிறாள். வகுப்பில் பதினொரு பிள்ளைகள். இரண்டு தரங்களுக்கு ஒரே ஆசிரியை. வகுப்பில் மிக அமைதியான பிள்ளை என்று முதல் தவணை அறிக்கையில் பாராட்டி எழுதியிருந்தார்கள். கணவர் வெள்ளவத்தையில் அதே அறையில் இருக்கிறார். நான் விண்ணப்பிக்காமல் விட்ட மாத்தளை நகரத்துப் பாடசாலையில் இரண்டாம் தரத்தில் இடம் காலியானால் அறிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் அறிவிக்கவில்லை.