பிரான்சும் பழனாத்தாளும்

பருத்தி மில்லில் எடை எழுதும் பொங்கியண்ணனுக்கு வாரத்தில் ஆறு நாள் மூட்டைகள், ஏழாம் நாள் ஐரோப்பா. ஞாயிறு மாலை சிங்காநல்லூர் வாசகசாலையில் அந்த வாரத்துப் பத்திரிகைகளை விரித்துவைத்து உலக நிலவரம் பேசுவார். சொல்வதில் பாதி பலிக்காது. ஆனாலும் நன்றாக யோசித்துத்தான் தவறாகச் சொல்வார் என்பதால் கூட்டம் குறையவில்லை.

1938 புரட்டாசியில் ஒரு ஞாயிறு, 'இங்கிலாந்து – பிரான்சு நட்பின் எதிர்காலம்' என்று பேசினார். செக்கோஸ்லோவேகியாவுக்குத் துணை நிற்பதாக எழுதிக் கொடுத்திருந்த பிரான்சு, இங்கிலாந்தைக் கேட்டுவரத் தன் மந்திரிகளை லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம்.

"இந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் புடிக்காதுங்க. ஆனா புடிக்கறது வேற, கேக்கறது வேற. ஒருத்தரக் கேட்டு ஒருத்தர் செய்யற வரைக்கும் நட்பு நிக்கும். கேக்காமச் செஞ்ச அன்னிக்கு முடிஞ்சுதுங்க."

சென்னிமலையில் போர்வை வாங்கி டவுனில் விற்கும் கரீம் முன்வரிசையில் இருந்தார். "ஏனுங்க, மாட்டேன்னுதான் சொல்லுவாங்கன்னு தெரிஞ்சா, அப்பறம் எதுக்குங்க கேக்கறது?"

"மாட்டேன்னு சொல்ற மரியாதைய அவுங்களுக்குக் குடுக்கோணுமுங்க பாய்."

கை தட்டினார்கள். பொங்கியண்ணன் அதை மனமாரச் சொன்னார். நான்கு நாள் முன்பு, தம் மகள் சாந்தாமணிக்கு டவுன் மில் குமாஸ்தா ஒருவரைப் பேசி, உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயமும் செய்திருந்தார். அக்கா பழனாத்தாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உலகத்துக்கு நியாயம் சொல்கிறவனுக்குத் தன் வீடு அந்த உலகத்தில் இருப்பதாகத் தோன்றுவதில்லை.

கேட்டிருக்க வேண்டும். பொங்கியண்ணன் கல்யாணத்தில் உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீரைச் செய்தவள் பழனாத்தாள்தான். தம்பிக்குப் பெண் பிறந்தால் தன் மகனுக்கு என்பது அந்தச் சீரின் பொருள். இருபது வருஷத்து உடன்படிக்கை. ஆனால் அக்கா மகன் சென்னிமலையில் மாடு பிடித்து விற்றுக்கொண்டிருந்தான். குமாஸ்தாவுக்கோ மாதச் சம்பளம். கேட்டால் அக்கா உரிமை கொண்டாடுவாள் என்ற பயத்தில் நாளைத் தள்ளி, கடைசியில் கேளாமலே முடித்துவிட்டார். அத்தை வராத பந்தலில் பங்காளிகள் கை நனைக்கமாட்டார்கள் என்று மனைவி குழந்தையம்மாள் எச்சரித்தும் பார்த்தாள்.

"கலியாணம் ஐப்பசியிலதான. அதுக்குள்ள பக்குவமாச் சொல்லிக்கலாம்," என்றார்.

அந்தப் பக்குவத்தைக் கரீம் செவ்வாய்க்கிழமையே செய்துவிட்டார். போர்வை எடுக்கச் சென்னிமலை போனவர், பழனாத்தாளைப் பார்த்து, தம்பியின் பேச்சை வரி விடாமல் ஒப்பித்து, மருமகளுக்கு நிச்சயமானதற்குச் சந்தோஷமும் தெரிவித்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் பழனாத்தாள் வந்து இறங்கினாள். குழந்தையம்மாள் நாத்தனாரை எதிர்கொள்ளத் தண்ணீர்ச் சொம்போடு ஓடினாள்.

"வாங்க நங்கையா."

"வாரேன் கண்ணு. தண்ணி வேண்டாம். உம்பட ஊட்டுக்காரங்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கோணும்." தம்பியைப் பார்த்துத் திரும்பினாள். "ஏஞ்சாமி, பிரான்சுக்காரன் கேக்கோணும், நீ கேக்க வேண்டாமா?"

இரண்டு வருஷமாக ஐரோப்பாவின் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவர் அவசரமாக அக்காவுக்குப் பாயை விரித்தார்.

"அக்கா, தப்புத்தான்..."

"தப்பு கெடக்குது. இப்பக் கேளு."

"முடிஞ்சுபோன காரியத்த எப்படிக்கா கேக்கறது?"

"கேக்காட்டி நான் பந்தலுக்கு வரமாட்டேன். அத்தை எங்கேன்னு கேக்கறவுங்களுக்கு நீயே சொல்லிக்க."

பொங்கியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, சரியென்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தோடு கேட்டார். "அக்கா, எம்பட புள்ளைய உம்பட பையனுக்குக் கட்டிக்கறயா?"

"மாட்டேன்," என்றாள் பழனாத்தாள்.

நிம்மதியாக மூச்சு விட வேண்டியவர், விடவில்லை. முகம் சிவந்துவிட்டது. "ஏன் மாட்டே? எம்பட புள்ளைக்கு என்ன குறை?"

"ஒரு குறையுமில்ல. உடுமலைப்பேட்டையில ஒரு எடம் பாத்திருக்குது. தென்னந்தோப்பு இருவது ஏக்கரா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஆறு மாசமாத் தூக்கமில்ல."

"ஆறு மாசமாவா! அப்ப நீதான் மொதல்ல மீறியிருக்கறே!"

"நான் பாத்துத்தான் வெச்சேன். நீ முடிச்சே போட்டயே."

யார் முதலில் என்ற வழக்கு மத்தியானம் வரை நடந்தது. பெண்ணை வேண்டாமென்று அக்கா சொன்னதாக ஊரில் பேச்சு வரக்கூடாது என்றார் தம்பி. கேளாமல் செய்தான் என்ற பேச்சு தனக்கு அவமானம் என்றாள் அக்கா. குழந்தையம்மாள்தான் சலித்துப்போய் முடித்துவைத்தாள்: "ரெண்டு பேரும் சாதகம் பொருந்தலைன்னு சொல்லிப்போடுங்க." எந்த ஜாதகத்தையும் யாரும் பார்த்திருக்கவில்லை. இரு தரப்பும் உடனே ஒப்புக்கொண்டன. தாங்களே ஜோசியரிடம் போய்வந்ததுபோல, செவ்வாய் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதுவரை பேசி முடிவு செய்தார்கள். உண்மையின் மேல் நிற்காத பல நட்புகள் இப்படி ஒரு பொய்யின் மேல் சௌகரியமாக நின்றுகொள்கின்றன.

பழனாத்தாள் சாப்பிட்டாள். ஐப்பசிக் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுவதாகச் சொன்னாள். பஸ் ஏற்றிவிடப் போன பொங்கியண்ணனுக்கு மனம் இன்னும் ஆறவில்லை.

"அந்த உடுமலைப் புள்ளை எப்படி, நம்ம சாந்தாமணியாட்ட இருக்குமா?"

"கொஞ்சம் கறுப்பு."

அவருக்குச் சற்றே ஆறுதலாக இருந்தது. "எப்பக்கா நிச்சயம்?"

பழனாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து சீலையைச் சரிசெய்துகொண்டாள்.

"நிச்சயமெல்லாம் ஆவணியிலயே ஆச்சு. தை பதினொண்ணு கலியாணம்," என்றாள். "உன்னயக் கேட்டுப்போட்டுத்தான் பத்திரிகை அடிக்கோணும்னு இருந்தேன் சாமி."