சிவப்பு மை தொடாத நோட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியின் ஆங்கிலப் பாடக்குழுத் தலைவனாக இருந்தேன். பட்டதாரி. நான் தயாரித்த வினாத்தாளை எவரும் திருப்பி அனுப்பியதில்லை. பிள்ளையை என் வகுப்பில் சேர்க்கும்படி பெற்றோர் தலைமையாசிரியரின் அறை வாசலில் காத்து நிற்பார்கள். பின்னர் நடந்ததற்கு வேறு எவரையும் பொறுப்பாக்க இயலாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பாடங்கள் மலாய்மொழிக்கு மாறிய பின், ஆங்கிலத்தை மாணவர்கள் டியூஷனில் தந்த மாதிரிக் கட்டுரைகளாக மனப்பாடம் செய்தார்கள். வெள்ளமோ விபத்தோ, எல்லாக் கட்டுரைகளும் ஒரே நீல வானத்தில்தான் தொடங்கும். அதை முறிக்க, பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கும் நான்காம் படிவத்துக்கு ஒரு விதி வகுத்தேன். வாரம் ஒரு பக்கம், தாமே படித்ததையோ கண்டதையோ எழுத வேண்டும். அந்த நோட்டில் என் சிவப்பு மை படாது என்று வாக்குக் கொடுத்தேன்.

பெரும்பாலோர் பிஸ்கட் டின்னில் அச்சிட்டிருந்ததைப் பார்த்தெழுதினார்கள். ஒரு பெண் மட்டும், லோரி ஓட்டும் தன் தந்தையைப் பற்றி எழுதினாள். துறைமுக வரிசையில் பகல் முழுதும் காத்திருந்துவிட்டு, களைப்பு பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாதென்று தெருமுனையிலேயே அவர் முகம் கழுவிக்கொள்வாராம். அந்த வாக்கியங்களில் ஒன்றைக்கூட நான் கற்பித்திருக்கவில்லை. நான் கற்பிக்காதது என் மாணவிக்கு எப்படி வரும்?

“எந்தப் புத்தகத்துல இருந்து எடுத்த?”

“நானேதான் எழுதுனேன் சார். நாலு தடவ எழுதிப் பாத்தேன்.”

அப்படியானால் கரும்பலகையில் இன்னொரு பத்தி எழுது என்றேன். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றாள், கை அசையவில்லை. பின்வரிசை சிரித்தது. அவள் பக்கத்தின் குறுக்கே, பார்த்தெழுதியது என்று சிவப்பு மையால் எழுதினேன்.

மறுநாள் காலை என் மேசையில் நான்கு தாள்கள் இருந்தன. அடித்தல், திருத்தல், பிழைகள். தாளுக்குத் தாள் அவை குறைந்திருந்தன. முகம் கழுவும் வரி மூன்றாம் தாளில்தான் முதன்முதலாக வந்திருந்தது. நான்கையும் படித்தேன். இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பாடக்குழுத் தலைவன் ஒருவன் வகுப்பின் முன்னால் ஒரு மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதை அன்று என்னால் எண்ணிப்பார்க்கவும் முடியவில்லை.

அந்த வாரம் நடைவழியில் ஒரு மாணவன் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“சொந்தமா எழுதுனா திருட்டும்பாரு. டியூஷன் கட்டுரைய எழுதுனா ‘குட்’ போடுவாரு லா. நீ ஏன் கஷ்டப்படுற?”

அடுத்து வந்த அவள் நோட்டிலும் நீல வானம் இருந்தது. நான் ‘குட்’ போட்டேன். பள்ளித் தவணை முடிவில் அந்த நோட்டுகளை நிறுத்தினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் நடந்த என் பணி ஓய்வு விருந்தில், அந்தப் பெண் ஆங்கிலத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றது நான் ஊட்டிய சுயகற்றலால்தான் என்று சக ஆசிரியர்கள் பேசினார்கள். மாலையுடன் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது சரியன்று. அவள் டியூஷன் கட்டுரைகளை மனப்பாடம் செய்து தேறினாள். என் வகுப்பில் அவள் தானாகக் கற்று எழுதியது ஒரே ஒரு பக்கம். அதைத் திருட்டு என்றவன் நான்.