மறுவீட்டுக்கு வந்த கினி பிக்

மறுவீட்டுக்கு வந்த என் மகள் ஒரு கையில் தாம்பூலப் பையும் இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையுமாகக் காரை விட்டு இறங்கினாள். கூடைக்குள் அவளுடைய கினி பிக். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் வேலை பார்த்தபோது வாடகை அறையில் வைத்து வளர்த்தது. பழுப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கை இரண்டையும் சேர்த்து ஏந்தினால் அடங்கிவிடும் அளவில், வால் இல்லாமல் இருந்தது. எலி மாதிரி இருக்கிறது, வீட்டுக்குள் வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது, எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. வேன் நிறையச் சீர் அனுப்பினோம், பதில் சீர் வந்திருக்கிறது பாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் முணுமுணுத்தேன்.

அவர் கரும்பும் நெல்லும் பயிர் வைக்கிறவர். வயலில் எலியோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வருஷம் பூரா எலிக்குக் கிட்டிப் பொறி வெக்கிறவன் வூட்டுக்கே விருந்தாளியா வந்துக்குது. தெகிரியந்தான்" என்றார்.

தாலி கட்டிப் புறப்பட்டபோதுகூட அழாத பெண், இதை விட்டுவிட்டுப் போகும்போது அழுதாள். "தனி வூடு பாத்ததும் கூட்டிம்போயிடறேம்மா. அதுவரைக்கும் பத்திரமா பாத்துக்கோ. புது எடம், பயப்படும்" என்றாள்.

"உன்னையே வளத்து ஆளாக்குனவ நானு. இத்தப் பாத்துக்க மாட்டனா?" என்று வீராப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் பண்டசோழநல்லூரில் ஒரு வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் தெருவே வந்து பார்க்கும். புதுமருமகள் என்றாலும் சரி, பிறந்த குழந்தை என்றாலும் சரி, வாங்கின மாடு என்றாலும் சரி. வராவிட்டால்தான் கோபம். பொண்ணுகூட என்னமோ வந்திருக்கிறதாமே என்று அன்று சாயங்காலமே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆனால் விருந்தாளி முகம் காட்டவில்லை. காரில் கூடவே வந்த கூண்டுக்குள் மகள் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வைத்திருந்தாள். அது உள்ளே போனது போனதுதான். எனக்கு மானம் போயிற்று. வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் உட்காருவது என்ன பழக்கம்? பெட்டியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

அதன்பிறகு எல்லாரும் வசதியாகப் பார்த்தார்கள். தூக்கினார்கள், தடவினார்கள், போட்டோ எடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரி பிஸ்கட் கொண்டு வந்தாள். பின்வீட்டுக்காரி முட்டைக்கோஸில் பாதியை வெட்டிக்கொண்டு வந்தாள். நான் இட்லி வைத்தேன். போதும் என்று சொல்வதற்குள் இன்னொரு கரண்டி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த உபசாரம். மகள் மூட்டை கட்டிக் கொடுத்த காய்ந்த புல்லை, இதை யார் தின்பார்கள் என்று ஓரமாக ஒதுக்கிவிட்டேன்.

அது சாப்பாட்டை நிறுத்திவிட்டது. முடி சிலிர்த்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கூண்டின் மூலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் உறைந்து நின்றது. அவல் பொரி மாதிரி சிதறிக் கிடக்கும் புழுக்கைகூடக் காணோம். கல்யாணமான சூட்டோடு அந்தப் பெண்ணுக்கு இது செத்துப்போன சேதியைச் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்பதுதான் பயம். எந்த வாயால் சொல்வேன்?

அந்த நேரம் பார்த்து அவளே போன் செய்தாள்.

"சாப்டுதாம்மா?"

"ம், சாப்டுது. நீ சாப்ட்டியா?"

"ம், சாப்ட்டேம்மா."

அவளுடைய "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. யார் யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள், ஏன் குரல் இறங்கியிருக்கிறது என்று குடைந்தேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். போனதிலிருந்து அவள் தினமும் அப்படித்தான் வைத்தாள்.

கண்ணேறுதான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன். இத்தனை பேர் கண் பட்டால் கல்லே வெடிக்கும், இது எம்மாத்திரம்? உப்பும் காய்ந்த மிளகாயும் தெருமண்ணும் எடுத்து, கூண்டைச் சுற்றிப் போட்டு, தோட்டத்து வெந்நீர் அடுப்பில் கொட்டினேன். திருஷ்டி இருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது. அதுதான் கணக்கு.

வந்ததே ஒரு நெடி! நான் இருமினேன். திறந்திருந்த பின்கதவு வழியாகப் புகை கூடத்துக்குள் புகுந்து, சாய்ந்திருந்த வீட்டுக்காரரை எழுப்பி உட்கார வைத்தது. எதிர்வீட்டுக்காரி தும்மியது தெருவுக்கே கேட்டது. கூண்டுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு தும்மல். அப்புறம் இன்னொன்று. ஓடிப்போய்க் கூண்டோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

"இன்னாடி பண்ற? கொல்லப் பாக்கறியா?" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"நெடி வருதுங்க!" என்றேன். அழுகை முட்டியது. "திருஷ்டி இல்லீங்க. நெசமாவே அதுக்கு ஒடம்பு சரியில்ல."

திருஷ்டியில்லை என்று தெரிந்ததும் டாக்டர்தான் என்று உடனே புரிந்துவிட்டது. என் புத்திக்கு அந்தச் சுற்று வழி தேவைப்பட்டது. வண்டியில் மதகடிப்பட்டுக்குப் போனோம். கூடையை மடியில் வைத்து ஈரத்துண்டு போர்த்தியிருந்தேன். நாய், பூனை பார்க்கும் டாக்டரம்மா, சின்ன வயசு. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நல்ல நேரத்தில் வந்தீர்கள், இது சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுபோகும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ் மாதிரித் தீவனம் கரைத்துக் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் காட்டினார். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் புல் எப்போதும் முன்னால் கிடக்க வேண்டும். மனுஷனைப் போலவே இதற்கும் வைட்டமின் சி உடம்பில் ஊறாது, கொத்தமல்லி, ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொய்யா என்று தினமும் கொடுக்க வேண்டும். பிஸ்கட், இட்லி கூடவே கூடாது. புகை கூடாது, வெக்கை கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாக, "ஒளிஞ்சிக்க எதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

பரணில் போட்டதைச் சொன்னேன்.

"அத மொதல்ல வெச்சிடுங்க. தூக்காதீங்க, எட்டிப் பாத்துக்கினே இருக்காதீங்க. பக்கத்துல ஒக்காந்து உங்க வேலையப் பாருங்க. உங்க குரல் பழகிச்சின்னா அதுவே வரும்."

வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்தேன். அது உள்ளே ஓடி மறைந்தபோது எனக்கே மூச்சு விட முடிந்தது. கூண்டை மகளுடைய அறைக்கு மாற்றினேன். தெருக்காரர்களை வாசலோடு நிறுத்தினேன். "இன்னாக்கா, ராசாத்தி அந்தப்புரத்துல கீறாங்களா?" என்று எதிர்வீட்டுக்காரி கிண்டல் செய்தாள். ஆமாம், கோஷா என்றேன். மருந்து அடிக்கிற வயல் வரப்புப் புல் வேண்டாம் என்று வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகைப் பக்கமாகத் தேடி அருகம்புல் பறித்து வந்தார். பிள்ளையாருக்குக்கூட அவர் அதைப் பறித்து நான் பார்த்ததில்லை. துண்டில் சுற்றி அவர் பிடித்துக்கொள்வார், நான் சிரிஞ்சில் கூழ் கொடுப்பேன். கையைக் கடிக்கும் என்று பயந்த மனுஷன், "முழுங்குடா தங்கம்" என்று கெஞ்சியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

மற்ற நேரமெல்லாம் அறைக்கு வெளியே கதவோரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன், பூ கட்டினேன், வாய்க்கு வந்ததைப் பேசினேன். ஒருநாள் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்த சரசரப்புக் கேட்டதும் உள்ளேயிருந்து விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், பெட்டி வாசலில் மூக்கை நீட்டிக்கொண்டு அதுதான் கத்துகிறது. காம்பை நீட்டினேன். பிடுங்கிக்கொண்டு போய் மொறுமொறுவென்று மென்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எலிக்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

ஆடிக்கு மகளை அழைத்து வந்தோம். இளைத்திருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள், சிரித்தாள், கினி பிக் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு நாக்கு நுனிவரை கேள்வி வந்துவிட்டது. அங்கே யார் என்ன சொன்னார்கள்? ஏன் இளைத்தாய்? வடைக்கு ஊறவைத்திருந்தேன், பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது, கரண்டி கையிலேயே இருந்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கியும்விட்டேன். அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரியும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே நுழைந்தார்கள்.

"பொண்ணு வந்துக்குதாமே, எங்க? கூப்புடுக்கா, பாத்துட்டுப் போறோம்."

கையை இறக்கினேன்.

"இப்ப இல்லடி. நாளைக்கி வாங்க" என்றேன். "அவளே வெளிய வருவா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். போகட்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரமாக, என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து ஆயத் தொடங்கினேன். வீட்டுக்காரர் என்னமோ கேட்க வாயெடுத்தார், கண்ணாலேயே அடக்கினேன். மோட்டார் ஓடுகிறதா, மழை வருமா என்று அவரிடம் சும்மா பேசிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து முதலில் விசில் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு விரற்கடை அளவு திறந்தது.

"அம்மா," என்றாள் என் மகள். "பசிக்குதும்மா."