செருகப்படாத ஒயர்

1996 ஜனவரி 18, வியாழக்கிழமை. காலையில் மைனஸ் முப்பத்தொன்பது டிகிரி. காற்றில்லாததால் புகைபோக்கிகளின் புகை நேராக மேலெழுந்தது. அன்று பத்தரை மணிக்கு டோரீன் வசிலிவ் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். செவ்வாய்க்கிழமை மாலையே தட்டியிருக்க வேண்டும்.

டோரீனுக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கடிதங்களை வகை பிரித்தவர். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்பதை அறிந்தும் ஒருவரிடமும் சொல்லாதவர். கணவர் இறந்தபின் டோரீனின் நடைபாதைப் பனியைத் தள்ளிக் கொடுத்தவர் அடுத்த வீட்டு லெஸ்டர் பென்னர். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் தனியாக வாழ்ந்தவர். சனிக்கிழமைதோறும் டோரீனிடமிருந்து உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டு அவருக்குப் போகும்.

கனடாவின் சஸ்காச்சுவன் குளிரில், வண்டியின் முகப்பிலிருந்து தொங்கும் ஒயரை மாலையிலேயே மின்சாரத்தில் செருகிவிடுவோம். என்ஜினிலுள்ள ஹீட்டர் இரவெல்லாம் சூடேற்றினால்தான் காலையில் வண்டி கிளம்பும். லெஸ்டரின் நீட்டிப்பு ஒயரின் நுனியில், மின்சாரம் ஓடும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு விளக்கு எரியும். டோரீனின் சமையலறை ஜன்னலிலிருந்து அது நன்றாகத் தெரியும்.

ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து திரும்பிய டோரீன், பனிக்குள் மறைந்து கிடந்த அந்த ஒயரில் கால் தடுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கியது.

"லெஸ்டர்! இனி இந்த ஒயரு என் பாதையில கெடந்துச்சுன்னா கத்திரி எடுத்து வெட்டிருவேன்."

"வெட்டு மகாராணி. ஆனா கைப்பிடி பிளாஸ்டிக்கா இருக்கிற கத்திரியா எடு. உள்ள கரண்டு ஓடுது."

"உன் வண்டி கிளம்பலன்னா யாருக்கு என்ன நஷ்டம்? காபிக் கடையில நாலு பேரு நிம்மதியா காபி குடிப்பாங்க."

லெஸ்டர் சிரிக்கவில்லை. திங்களன்று ஒயரைத் தம் வீட்டுப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து செருகினார். விளக்கு எரிந்தது, பேச்சு நின்றது.

செவ்வாய் மாலை விளக்கு எரியவில்லை. வண்டி அசையாமல் நின்றது. கோபத்தைக் காட்டுவதற்காகவே அவர் ஒயரைச் செருகாமல் விட்டிருக்கிறார் என்று டோரீன் கருதினார். புதன் மாலையும் அப்படியே கருதித் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

வியாழனன்று காபிக் கடைக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஏன் டோரீன், உன் பக்கத்து வீட்டு ஆள் ரெண்டு நாளா வரலையே, கடத்திட்டியா?"

கதவு பூட்டியிருக்கவில்லை. லெஸ்டர் சமையலறைத் தரையில் கிடந்தார். செவ்வாய் நண்பகலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வீட்டைச் சூடாக்கும் உலை எரிந்துகொண்டிருந்ததால் உயிர் இருந்தது. டோரீனைப் பார்த்ததும் உலர்ந்த உதடுகளால் கேட்டார்: "ஒயரு உன் பக்கம் இல்லையே?"

முதல் நாளே கொண்டுவந்திருந்தால் நடந்திருப்பார் என்றார் மருத்துவர். லெஸ்டர் நடக்கவில்லை. நகரத்து முதியோர் இல்லத்தில் நான்கு ஆண்டுகள் இருந்தார். வீடும் வண்டியும் விற்கப்பட்டன. டோரீன் சனிக்கிழமைதோறும் பேருந்தில் பெரோகி கொண்டுபோனார். லெஸ்டர் ஒருமுறையும் குறை சொன்னதில்லை. அதுவே தமக்குத் தாங்கவில்லை என்றார் டோரீன்.

லெஸ்டரை அடக்கம் செய்த அன்று நான் அவரிடம் கேட்டேன்: "ரெண்டு சாயங்காலமும் ஜன்னல் வழியா பாத்தீங்களே டோரீன், ஏன் போய்க் கதவைத் தட்டலை?"

"அவன் மொதல்ல வந்து பேசட்டும்னு இருந்தேன்."