கல்லாவுக்கு மேலே ஒரு போலீஸ்காரி

அமெரிக்காவில், சான்டா கிளாராவில் மகன் மளிகை வாங்கும் கடையில் நிற்கிறேன். அவன் பருப்பு தேடுகிறான். எனக்கு அவசரமில்லை. கல்லாவுக்கு மேலே டிவியில், கடைக்காரம்மாவின் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன கேசட் ஓடுகிறது. ஜப்பான் பொம்மைப் படம். வேலைக்குப் புதிதாய் வந்த போலீஸ்காரப் பெண் ஒருத்தி. திருடனும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிறாள், தொலைந்த குடைக்குப் புகார் எழுதுகிறாள்.

"பாஷை விளங்குதோ அம்மா?" என்கிறார் கடைக்காரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர்.

"பாஷை எதுக்கும்மா? முப்பது வருஷம் ஏட்டு பொண்டாட்டியா இருந்தவ நான். அங்க பாரு, தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கிறா. அடிக்கக் கூடாது. இப்ப திட்டு வாங்குவா பாரு."

சொன்னபடியே அதிகாரி கத்துகிறார். கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன்.

அந்தப் பெண் அழவில்லை. மேசைக்கடியில் ஷூவைக் கழற்றி, வீங்கின காலைத் தேய்த்துக்கொண்டே மறுபடி எழுதுகிறாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. திண்டுக்கல்லில் என் கடைசி மகளும் போன மாதம்தான் போலீஸ் டியூட்டியில் சேர்ந்தாள். "உங்கப்பா பட்டது போதாதா" என்று சண்டை போட்டு, அவளிடம் சொல்லாமல் விமானம் ஏறினவள் நான். மூன்று தரம் போன் செய்தாள். வாங்கிப் பேசவில்லை.

மகன் பருப்போடு வருகிறான். "போலாமாம்மா?"

"இருடா. ஏம்மா, இந்தியாவுக்குப் பேசுற போன் கார்டு ஒண்ணு குடு."

"ஆரோட கதைக்க?"

"எங்க வீட்டு போலீசோட. வெந்நீர்ல கல்லுப்பு போட்டுக் காலை வைக்கச் சொல்லணும். அவ அப்பாவுக்கு நான்தான் வச்சுக் குடுப்பேன்."