பூச்சு காயும் வரை

தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் சுவர் கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். சுவர் கடைசியில்தான் கெடும். முதலில் கெடுவது உள்பூச்சு. அதில் ஊசித்துளை ஒன்று விழும், அதன் வழியே ஈரம் இறங்கும், பிறகுதான் இரும்பு துருவேறும்.

இரும்புத் தொட்டிகளுக்குள் இறங்கி உள்பூச்சு பூசுவது அவர் தொழில். ஆள் நுழையும் வட்டத் துவாரத்தில் ஒரு தோளை முன்னே விட்டு உள்ளே போவார். பூசி முடித்தபின் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிப்பார். பூச்சில் எங்கே கொப்புளம் இருந்தாலும் அதன் நிழல் நீண்டு காட்டிக்கொடுத்துவிடும். பட்டறையில் அவருக்கு ஓட்டைக்கண்ணன் என்றே பெயர். "இவரை விட்டா இல்லாத ஓட்டையையும் கண்டுபிடிச்சு அடைச்சிருவாரு" என்பான் மனைவியின் தம்பி. துவாரத்துக்கு வெளியே நின்று அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்வதும் காற்றுக்குழாயைக் கவனிப்பதும் அவன் வேலை.

தொட்டியை விட்டு வெளியே வந்ததும் ஒரு சிகரெட். அது அணையுமுன் இன்னொன்று. முப்பது வருடப் பழக்கம். சர்க்கரையும் இருந்தது, அதற்கான மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார்.

வலது கெண்டைக்கால் முதலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து பட்டறைக்கு நடக்கும் வழியில்தான் பிடித்தது. யாரோ உள்ளிருந்து முறுக்குவது போல இருக்கும். நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். நிற்பதற்குச் சாக்காகக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார்.

"மாமா, அந்த வாரு பாவம். எத்தனை தடவைதான் அதைக் கொஞ்சுவீங்க?"

"உன் வேலையைப் பாருடா மாப்ளே."

பெருவிரலில் பட்ட சிறு காயம் ஆறாமல் கறுக்கத் தொடங்கியபோது மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா பாதத்தில் பசை தடவி ஒரு சிறு கருவியை வைத்தார். இடது காலில் ரத்தம் 'உஷ் உஷ்' என்று பாயும் சத்தம் கேட்டது. வலது காலில் கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல ஏதோ கேட்டது.

"தொடையில போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு."

"துரு மாதிரி சேர்ந்துபோச்சா? கழுவி எடுத்துரலாமா?"

"இது இரும்பு இல்லைங்க, உயிருள்ள குழாய்" என்றார் டாக்டரம்மா. நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டுக்கொண்டு விளக்கினார். குழாயின் உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு அடுக்கு செல்கள், தரையில் கல் பதித்தது போல நெருக்கமாகப் படுத்திருக்கின்றன. ரத்தம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போவது அவற்றால்தான். குழாய் விரிய வேண்டும் என்றால் அவைதான் அதற்குச் சொல்லும். புகையும் சர்க்கரையும் அவற்றின் குணத்தைக் கெடுத்துவிடும். கெட்ட செல் இடைவெளி விடும், கொழுப்பு உள்ளே இறங்கும். ரத்தத்தில் போகும் வெள்ளணுக்களையும் அந்தச் செல் பிடித்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். சில செல்கள் வரிசையை விட்டே விலகி, நார் நாராகத் தழும்பாக மாறி, அடைப்போடே சேர்ந்துகொள்ளும்.

"வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

"ஆமா, அதேதான்."

"அப்போ கோளாறு சுவர்ல இல்ல, உள்பூச்சுல."

"அப்படியும் சொல்லலாம்" என்று டாக்டரம்மா எழுந்துகொண்டார்.

அந்தச் சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. உள்பூச்சைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

தொடைக்குழாயில் பலூன் விட்டு அடைப்பை விரித்து, மறுபடி சுருங்காமலிருக்கக் கம்பிவலை ஒன்றை வைத்தார்கள். பாதம் சூடாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சிகரெட்டை விட்டார். அதற்குப்பின் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "வலைக்கு மேல புதுசா அந்த உள்தோல் படரணும், சில மாசம் ஆகும். மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீங்க. தினமும் நடங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க."

முதல் பாதி அவர் மனதில் ஆணியடித்தது போல் இறங்கியது. இரண்டாம் பாதியை அவர் நம்பவில்லை. பூச்சு பூசிய தொட்டிக்குள் காயுமுன் தண்ணீர் விடக்கூடாது. அவசரப்படுவது எப்போதும் தொட்டியின் சொந்தக்காரர்தான்: இன்னைக்கே விட்டா என்ன, பாதியாவது விட்டா என்ன? ஒருமுறை ஒருவர் கேட்காமல் தண்ணீரைத் திறந்துவிட, பூச்சு முழுவதும் கொப்புளித்து உரிந்து வந்தது. டாக்டரம்மாவும் அப்படி அவசரப்படுகிற ஜாதிதான் என்று அவர் முடிவுகட்டினார். மாத்திரையை விடவில்லை, வேளை தப்பாமல் விழுங்கினார். ஆனால் நடக்கவில்லை.

கட்டிலில் தலையணைமேல் தலையணை அடுக்கி, வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஈரப்பூச்சு கீழே வழியக்கூடாது என்பது அவர் கணக்கு. மனைவி அவர் சொன்னபடியே அடுக்கினாள். கழிப்பறைக்குப் போக மட்டும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மைத்துனன் வந்தான். "என்ன மாமா, ராஜா மாதிரி படுத்திருக்கீங்க? வாங்க, தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரலாம்."

"பூச்சு காயட்டும்டா."

"அது பெயின்ட்டா மாமா? டாக்டரு நடக்கச் சொன்னாங்களே!"

"டேய், அவரைத் தொந்தரவு பண்ணாதே" என்றாள் மனைவி. "இத்தனை வருஷம் ஓடி ஓடித்தானே இந்தக் கதி. கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்."

"நான் பூசின எந்தத் தொட்டியாவது ஒழுகியிருக்கா? சொல்லு" என்றார் அவர்.

ஒன்றுகூட ஒழுகியதில்லை என்பது மைத்துனனுக்கும் தெரியும்.

சில வாரங்களில் படுத்திருக்கும்போதே பாதம் எரியத் தொடங்கியது. காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டால் எரிச்சல் சற்றுக் குறைந்தது. அப்படித் தொங்கவிடச் சொல்லி உடம்பு கெஞ்சியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தார். பாதத்தைத் துடைக்க வந்த மனைவி ஈரத்துணியைக் கீழே போட்டாள். "ஏங்க, இது என்னங்க இவ்வளவு சில்லுனு இருக்கு? நிறமும் ஒரு மாதிரியா இருக்கே!"

ஆஸ்பத்திரியில் கருவியை வைத்தபோது வலது பாதத்தில் எந்தச் சத்தமும் இல்லை. வலை முழுதும் அடைத்திருந்தது. மறுபடி திறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

"நடந்தீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மைத்துனன்தான் சொன்னான்: "பூச்சு காயணும்னு படுத்துட்டாருங்க."

டாக்டரம்மாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்தபின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்குப் பின்னர் தோன்றியது. "காஞ்சா செத்துப்போற பூச்சுங்க அது" என்றார் மெதுவாக. "ரத்தம் சீரா, ஒரே திசையில, அது மேல உரசிட்டே போகணும். அந்த உரசல்தான் அதைத் தன் குணத்தோட வைக்கும். நீங்க நடந்தா ஓட்டம் கூடும். ஓட்டம் தளர்ந்தா அதோட குணம் மாறும்."

"அப்போ என்னாலதான்."

"அப்படிச் சொல்ல மாட்டேன். ஒழுங்கா நடந்தவங்களுக்கும் சிலருக்கு அடைக்குது. உங்க குழாய் ஏற்கெனவே ரொம்பக் கெட்டிருந்துச்சு."

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் ஓட்டை எங்கே என்று பார்க்காமல் அவர் எந்தத் தொட்டியையும் விட்டு வெளியே வந்ததில்லை. இங்கே பார்க்க ஒரு வழியும் இல்லை. தன்னால் போனதா, எப்படியும் போயிருக்குமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். கீழே எடுத்தால் புண் ஆற ரத்தம் போதாதாம். கண்விழித்தபோது மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தலையணையை அடுக்கினது நான்தானே" என்றாள்.

"நான் சொல்லித்தானே அடுக்குன."



புண்ணுக்குத் தையல் பிரித்த நாளில் டாக்டரம்மா கருவியை இடது பாதத்தில் வைத்தார். முன்பு பாய்ந்த சத்தம் இப்போது இழுத்து இழுத்து வந்தது. மூவரும் அதைக் கேட்டார்கள். "இந்தக் காலை நடந்துதான் காப்பாத்தணும்" என்றார் டாக்டரம்மா.

"எதை வெச்சு நடக்கறது டாக்டரம்மா?"

செயற்கைக்கால் வரும், புண் நன்றாக ஆறட்டும், அதுவரை நான்கு கால் வைத்த கைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பழகலாம் என்றார். சொல்லும்போது டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றே எழுந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. கைச்சட்டத்தை முன்னே நகர்த்தி, ஒற்றைக்காலால் தாவித் தாவி, வராந்தாவில் போனார். மைத்துனன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தான். இரண்டாவது ஜன்னலைக்கூட எட்டவில்லை, இடது கெண்டைக்காலை யாரோ உள்ளிருந்து முறுக்கினார்கள்.

"உட்காருங்க மாமா. நாற்காலி ஒட்டித்தான் இருக்கு."

"உட்கார மாட்டேன். நின்னா விட்டுரும்."

நின்றார். மனைவி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் நிற்பதும் அந்த ஒரே காலில்தான். உடம்பின் பாரம் முழுவதும் அதன்மேல்தான்.

"விட்டுச்சாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"இல்ல" என்றார்.